ஒரு நாள்ல பாண்டிச்சேரி: 1761-க்கு முன்னாடி என்ன இருந்துச்சு?

ஆன்சைட்ல பாரிஸ் போற நம்ம மென்பொருள் மக்கள் வார இறுதியில பக்கத்து ஊர் ஷார்த்ர் போய் படம் பிடிச்சுப் போடுவாங்க. பாரிஸ்ல இருந்து ரயில்ல ஒரு மணி நேரம், கோபுரம் தெரிஞ்சதும் இறங்கிட வேண்டியதுதான். 1194-ல தீப்பிடிச்சு எரிஞ்ச மாதா கோவிலைத் திரும்பக் கட்டினாங்க. அது எண்ணூறு வருஷமா அதே இடத்துல நிக்குது. நமக்கு ஆன்சைட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். பிரெஞ்சுக்காரன் கட்டின ஊர், நடுவுல பிஷப் கோவில், எல்லாம் பாண்டிச்சேரியிலயே இருக்கு. கிருஷ்ணன்கோவில்ல இருந்து ஒரே நாள்ல பார்த்துட்டு வர ஒரு திட்டம் போட்டேன். திட்டத்தோட அந்த ஊர்க் கதையும் கொஞ்சம் சேர்ந்துக்கிச்சு, பொறுத்துக்கோங்க :-)

முதல்ல போக்குவரத்து. சனிக்கிழமை ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொதிகை எக்ஸ்பிரஸ். விடியறதுக்கு முன்னாடி விழுப்புரத்துல இறங்கிடணும், தூங்கிட்டா எழும்பூர்தான். விழுப்புரத்துல இருந்து பாண்டிக்கு சுமார் நாற்பது கிலோமீட்டர், பஸ் கிடைக்கும். ஞாயிறு ராத்திரி அதே விழுப்புரம், அதே பொதிகை, திங்கக்கிழமை காலையில ஊர்.

எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தருக்கு வழி சொல்றது சுலபம். கோபுரம் ஒரு இடத்துல இருக்கு, அதைச் சுத்தி மாட வீதி, அதைச் சுத்தி ஊர். தலைமுறை தலைமுறையா அது இடம் மாறல. அந்தக் கண்ணோட பாண்டிக்குப் போனா ஏமாந்துடுவோம். அங்க பழசு மாதிரி தெரியறது பலதும் நாம நினைக்கிற அளவுக்குப் பழசு இல்ல. காரணம் ஒரே ஒரு வருஷம்: 1761.

சுருக்கமா சொல்லிடறேன். 1674-ல பிரான்சுவா மர்த்தேன் இங்க பிரெஞ்சு வியாபாரத்தை ஊன்றினார். 1693-ல டச்சுக்காரங்க ஊரைப் பிடிச்சாங்க, ஆறு வருஷம் கழிச்சு 1699-ல திருப்பிக் கொடுத்தாங்க. கோடு போட்ட மாதிரி இருக்கிற பாண்டித் தெருக்களுக்கு டச்சுக்காரங்க அப்போ வரைஞ்ச வரைபடங்களும் ஒரு காரணம். 1742-ல துய்ப்ளேக்ஸ் கவர்னர் ஆனார். ஊர் செழிச்சது. அப்புறம் இங்கிலீஷ்காரனோட சண்டை. 1761 ஜனவரி 16-ஆம் தேதி, பட்டினியால வாடிப்போன ஊரை லாலி என்கிற தளபதி சரண் கொடுத்தார். எதிர்ல நின்னது அயர் கூட். 1758-ல கடலூர்ப் பக்கம் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையை பிரெஞ்சுக்காரங்க இடிச்சிருந்தாங்க. அதுக்குப் பழிக்குப் பழியா பாண்டியில கோட்டை, கவர்னர் மாளிகை, மாதா கோவில் எல்லாத்தையும் இங்கிலீஷ்காரங்க தரைமட்டமாக்கினாங்க. 1763 பாரிஸ் ஒப்பந்தத்துக்கு அப்புறம் பிரெஞ்சுக்காரங்க திரும்பி வந்து இடிபாட்டு மேல மறுபடி கட்டின ஊரைத்தான் நாம இன்னிக்குப் பார்க்கிறோம்.

இதை மனசுல வச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிப்போம்.

காலை: கடற்கரை. சூரிய உதயம் பார்த்துட்டு காந்தி சிலையைச் சுத்தி நிக்கிற கருங்கல் தூண்களைப் பாருங்க. அதெல்லாம் செஞ்சியில இருந்து வந்தது. 1750-ல செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போனதோட ஞாபகம். அப்படியே பாரதி பூங்கா வரைக்கும் நடந்தா, அந்தச் சுற்றுவட்டாரம்தான் பழைய கோட்டை இருந்த இடம். இப்போ புல்தரையும் ஆயி மண்டபமும்தான்.

அடுத்து வாய்க்காலைத் தாண்டி மிஷன் தெரு. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஊசிக் கோபுரத்தோட உசரமா நிக்கிற இருதய ஆண்டவர் கோவிலைத்தான் பலபேர் கதீட்ரல்னு நினைக்கிறாங்க. அது 1907-ல முடிஞ்சது, அழகான கண்ணாடி ஓவியங்கள் இருக்கு, சாயந்திரம் பார்த்துக்கலாம். பிஷப் கோவில் மிஷன் தெருவுல இருக்கிற ஜென்மராக்கினி மாதா கோவில். உள்ளூர்க்காரங்க வாயில சம்பா கோவில். 'செயின்ட் பால்'தான் அப்படித் தேஞ்சு போச்சுன்னு சொல்றாங்க. இந்த இடத்துல சேசு சபைக்காரங்க 1692-ல கட்டின முதல் கோவில் டச்சுக்காரங்க வந்தப்போ போச்சு. ரெண்டாவது ரொம்ப நாள் நிக்கல. 1728-ல ஆரம்பிச்சு 1736-ல முடிச்ச மூணாவதை 1761-ல இங்கிலீஷ்காரங்க இடிச்சாங்க. இப்போ நாம பார்க்கிறது நாலாவது, 1770-ல ஆரம்பிச்சு 1791-ல அர்ச்சிக்கப்பட்டது. ஞாயிறு காலையில பூசை நடக்கும், கேமராவைப் பையில வச்சுட்டு உள்ள போங்க.

இந்தக் கோவிலுக்குப் பக்கத்துல ஒரு காலத்துல வேதபுரீஸ்வரர் கோவில் இருந்துச்சு. 1748-ல இங்கிலீஷ் படை ஊரை முற்றுகை போட்டிருந்தப்போ, செப்டம்பர் மாசம், துய்ப்ளேக்ஸ் நிர்வாகம் அதை இடிச்சிடுச்சு. யுத்தத்தைக் காரணமா காட்டினாலும், பக்கத்துப் பாதிரிமார்களும் துய்ப்ளேக்ஸ் சம்சாரமும் ரொம்ப நாளா அதுக்கு அடிபோட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு எழுதி வச்சிருக்கார் ஒருத்தர். அவர் துய்ப்ளேக்ஸோட எதிரியில்ல. அவர்கிட்டயே தலைமை துபாஷியா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை! எஜமானர் மேல விசுவாசம் உள்ளவர்தான், ஆனா அந்த நாளைத் துக்கத்தோட எழுதியிருக்கார். அந்த எழுத்து இல்லேன்னா, அந்த இடத்துல நிக்கிற நமக்கு இதெல்லாம் தெரிய வழியே இல்ல.

ரெண்டு இடிப்பையும் சேர்த்தே பார்க்கணும்னு எனக்குத் தோணுது. 1748-ல சிவன் கோவில். பதிமூணே வருஷத்துல அதே இடத்துக்குப் பக்கத்துல இருந்த மாதா கோவில், இடிச்சதும் கிறிஸ்தவங்கதான். ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு இன்னிக்குச் சண்டைக்கு நிக்கிறவங்க மீதிப் பக்கத்தைப் படிக்கல. இடிபட்டதை மறைக்கவும் வேண்டாம், அதைக் காட்டி இன்னொண்ணை இடிக்கவும் வேண்டாம்.

மத்தியானம் நடை சாத்துறதுக்கு முன்னாடி ஈஸ்வரன் கோவில் தெருவுக்குப் போயிடுங்க. பிற்பாடு மறுபடி எழும்பின வேதபுரீஸ்வரர் கோவில் அங்கதான் இருக்கு. மாதா கோவில்ல இருந்து நடக்கிற தூரம்தான். ரெண்டுமே இடிபாட்டுல இருந்து எழுந்தது, ரெண்டுலயும் இன்னிக்கு மணி அடிக்குது.

சாப்பாட்டுக்கு அப்புறம் பெரிய மார்க்கெட் பக்கம் ரங்கப் பிள்ளை தெரு. ஆனந்தரங்கப் பிள்ளை வீடு இங்க இருக்கு, 1738 வாக்குல கட்டினது. கீழ்த்தளம் நம்ம ஊர் முற்றமும் மரத்தூணுமா இருக்கும், மேல்தளம் பிரெஞ்சு பாணித் தூண்கள். தனியார் வீடு, அதனால உள்ள போகணும்னா முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கணும். இல்லேன்னா தெருவுல நின்னு பார்த்தாலும் போதும். 1761-க்குத் தப்பிப் பிழைச்ச சில கட்டடங்கள்ல இது ஒண்ணு.

இந்த ஆள் 1736 செப்டம்பர்ல நாட்குறிப்பு எழுத ஆரம்பிச்சார். மூணாவது மாதா கோவில் முடிஞ்ச அதே வருஷம். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னரோட கோபம், ஊர் வம்பு, எல்லாம் அன்னிக்குப் பேசின தமிழ்ல. இன்னிக்கு இருந்திருந்தா தினமும் ரெண்டு பதிவு போட்டிருப்பார், நம்ம யாரும் பக்கத்துல நிக்க முடியாது. 1761 ஜனவரியில நாட்குறிப்பு நிக்குது. அதே மாசம் அவரும் போயிட்டார், ஊரும் விழுந்துடுச்சு. 1846-ல கலுவா மொம்பிரேன் என்கிற பிரெஞ்சுக்காரர் இந்தச் சுவடிகளைக் கண்டுபிடிச்சார். 1904-ல இருந்து 1928 வரைக்கும் சென்னை அரசாங்கம் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதியா போட்டுச்சு. பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்' எழுதினது இதை வச்சுத்தான். ரயில்ல படிச்சுட்டுப் போனா தெருவெல்லாம் ஆள் நடமாடும்.

கோட்டையைக் கல்லால கட்டினாங்க, மாளிகையையும் கட்டினாங்க. 1761-ல அதெல்லாம் போச்சு. ஒரு துபாஷி தமிழ்ல எழுதின காகிதம் தப்பிச்சுச்சு. பாண்டியில என் கணக்குப்படி முக்கியமான பிரெஞ்சு காலத்துச் சின்னம் வெள்ளைக்காரத் தெருவுல இல்ல, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தமிழ்ல இருக்கு.

பொடிநடையா போறதுக்கு நல்ல செருப்பு, தண்ணி பாட்டில், தொப்பி. திரும்பி வந்ததும் உங்க கண்ணுக்கு என்ன பட்டுச்சுன்னு எழுதுங்க. தேதி போட்டு எழுதுங்க, இருநூறு வருஷம் கழிச்சு யாருக்காவது உதவும் :-)