தவக்காலத்தில் தினமும் நற்செய்தி சிந்தனை... வாசகத்தை யார் முடிவு பண்றாங்க?

சாம்பல் புதனன்று தொடங்கும் தவக்காலத்தில், தினமும் ஒரு நற்செய்திப் பகுதியை வாசித்து சிந்திப்பது கத்தோலிக்கர்களின் வழக்கம்.

எந்தப் பகுதி? அவரவர் விருப்பம் இல்லை. இலத்தீன் வழிபாட்டு முறையில், 1969-ல் வெளியான திருப்பலி வாசக ஒழுங்குதான் அதை முடிவு செய்கிறது.

ஞாயிறு வாசகங்கள் 3 ஆண்டு சுழற்சியில் வரும். வார நாட்களுக்கோ வருஷா வருஷம் அதே நற்செய்திதான்.

அப்போ புதுசா சிந்திக்க என்ன இருக்கு?

உதாரணம், 3-ம் வாரம் செவ்வாய்க்கிழமை. 'சகோதரனை எத்தனை முறை மன்னிக்கணும்?' என்று இயேசுவிடம் பேதுரு கேட்கும் பகுதி (மத்தேயு 18:21-35).

போன வருஷம் இதைப் படித்தபோது மனசில் வந்த அதே ஆள், இந்த வருஷமும் வருகிறாரா? வாசகம் மாறலை, நாம மாறியிருக்கோமா என்று பார்ப்பதுதான் சிந்தனை.