தமிழில் இணைய முகவரி: பூவம் என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

காரைக்கால் மாவட்டத்தின் வடக்கெல்லையில், தரங்கம்பாடி நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள ஊர் பூவம். மூன்றே எழுத்தாலான இப்பெயரை ஓர் இணையப் பக்கத்தின் முகவரியில் தமிழிலேயே இட்டு, அம்முகவரியைப் படியெடுத்து வேறோரிடத்தில் ஒட்டினால், பெரும்பாலும் அது 45 குறிகளாக விரிந்துவிடுகிறது. ஒருங்குறியில் இப்பெயர் ப, ஊகாரக் குறி, வ, ம, புள்ளி என ஐந்து குறியீடுகளைக் கொண்டது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியாகவும் இரண்டு பதினறும இலக்கங்களாகவும் எழுதப்படுகிறது. காரைக்கால் என்னும் பெயருக்கு இவ்வாறு 90 குறிகள் தேவை. 1994 டிசம்பரில் வெளிவந்த முகவரி விதி ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் ஆகியவற்றை மட்டுமே நேரடியாக ஏற்றதன் விளைவு இது.

இந்நீளத்தைத் தவிர்க்கவே தமிழ்த் தளங்கள் பல உரோமன் எழுத்தை நாடின. அவ்வழியும் நேரானதன்று. பிரெஞ்சு ஆவணங்களில் காரைக்கால் ‘காரிகால்’ என்று படிக்கத்தக்க எழுத்துக்கூட்டலில் இடம்பெற்றது; ஐகாரம் அதில் இல்லை. ஊகார ஒலியைப் பிரெஞ்சு முறை ‘ஓ, யூ’ என்னும் ஈரெழுத்தாலும், ஆங்கில வழக்கு ‘ஓ’வை இரட்டித்தும், கல்விசார் ஒலிபெயர்ப்பு மேற்கோடிட்ட ‘யூ’வாலும் குறிக்கும். மேற்கோடு முகவரியில் உதிர்ந்துவிடுவதால் பூவம், புவம் என்பவற்றின் வேறுபாடும் மறைகிறது. ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர் எதிர்கொண்ட பழைய இடர்ப்பாடே இங்கு மீண்டும் தலைகாட்டுகிறது.

களப்பெயரைப் பொறுத்தவரை வரலாறு சற்று மேலானது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினர் 1998இல் பன்மொழிக் களப்பெயர் முயற்சியை முன்னெடுத்தனர். 2003 மார்ச்சில் பியூனிகோட் என்னும் சுருக்க முறை வெளியாயிற்று. 2010-11 காலப்பகுதியில் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா ஆகியவற்றுக்குத் தமிழிலேயே மேல்நிலைக் களப்பெயர்கள் ஒப்புதல் பெற்றன. ‘இந்தியா’ என்பது விழுக்காட்டு முறையில் 63 குறிகள். பியூனிகோடில் 17 மட்டுமே. ஆனால் இச்சுருக்கம் களப்பெயருக்கே உரியது. அதனை அடுத்துவரும் பக்கப்பெயருக்கு 2005 ஜனவரியில் வகுக்கப்பட்ட விதியும் பழைய விரிவையே விதித்தது.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைத் தலைப்பைத் தமிழிலேயே முகவரியாக வைத்துக்கொண்டது. பகிர்வதற்கெனப் பக்க எண்ணிலிருந்து உருவாகும் குறுந்தொடுப்பையும் பின்னர்த் தந்தது. 1998 பொங்கலன்று தோன்றிய மதுரைத் திட்டமோ நூற்பெயரை விடுத்து வரிசை எண்ணைத் தேர்ந்தது. அதில் திருக்குறள் முதல் எண். எண் முகவரி தேடுவோருக்கு எதையும் உணர்த்தாது. ஆயினும் அடிக்குறிப்பில் சிதையாமல் நிற்பது அதுவே. தேடுபொறிகள் விரிவைத் தமிழாக அவிழ்த்துப் படிக்கக்கூடியவை. ஆதலின் தமிழ் முகவரியின் நீளம் தேடலுக்குத் தடை என்னும் கருத்து வலுவற்றது. நீளம் இடர் தருவது அச்சிலும் மேற்கோளிலுமே.

தமிழ் முகவரியில் கவனிக்க வேண்டிய சிக்கல் பிறிதொன்று. ‘ஔவை’ என்பதை ஔகார எழுத்தாலும், ஒகரத்தோடு ளகரம் சேர்த்தும் தட்டச்சிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஒருங்குறியின் இயல்பாக்க விதி இவற்றை ஒன்றாக்குவதில்லை. ஒன்றில் பக்கம் திறக்கும். மற்றொன்றில், வழிமாற்று இல்லையெனில், பக்கம் இல்லை என்றே விடை வரும்.