மடக்குக் கத்தி: கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று வடிவமைப்பு. அலகு எவ்வளவு நீளம், பிடி கைக்கு அடங்குகிறதா, விரித்ததும் பூட்டிக்கொள்ளுமா என்பதெல்லாம் இதில் சேரும். இன்னொன்று கட்டுமானத் தரம். எஃகு நல்ல எஃகுதானா, அதைச் சரியாகச் சூடாக்கிக் குளிர்வித்துக் கெட்டிப்படுத்தினார்களா, ரிவிட் இறுக்கமாக அடித்திருக்கிறதா என்பவை இதில் வரும்.

முதலாவதை ஐந்து நிமிடத்தில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இரண்டாவது தெரிய ஐந்து வருடம் ஆகலாம். கத்தி வாங்குவதில் உள்ள சிக்கலே இதுதான். இந்தச் சிக்கலுக்கு ஒரு பெரிய வரலாறும் இருக்கிறது. ஒரு சட்டம், ஒரு நாட்டின் பெயர், ஒரு கிராமத்தின் மானம் எல்லாம் அதில் மாட்டிக்கொண்டன. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பேனாவுக்கு ஒரு கத்தி

நம் வீடுகளில் சின்ன மடக்குக் கத்தியைப் பேனாக்கத்தி என்று சொல்வார்கள். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஐரோப்பாவில் பறவை இறகைச் சீவி எழுதிய காலத்தில், அந்த இறகின் முனையைக் கூராக்கத் தனியாகச் சின்னக் கத்தி வைத்திருந்தார்கள். அதன் ஆங்கிலப் பெயர்தான் தமிழில் பேனாக்கத்தி ஆனது. இறகுப் பேனா போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மடக்குக் கத்தி அதைவிடப் பழையது. ரோமானியர் காலத்து மடக்குக் கத்திகளே கிடைத்திருக்கின்றன. ஆனால் சாதாரண மனிதன் தன் பையில் ஒன்று வைத்துக்கொள்ளும் அளவுக்கு அது பரவியதில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே கத்தி செய்பவர்களுக்கென்று 1624ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் ஒரு சங்கம் அமைந்தது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் அங்கே மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டு வந்தார். அந்த எஃகு உள்ளும் புறமும் ஒரே சீராக இருந்தது. ஷெஃபீல்டின் பெயர் உலகமெல்லாம் பரவியது.

ஒரே வடிவம், வேறு எஃகு

பெயர் பரவினால் போலியும் பின்னாலேயே வரும். ஜெர்மனியில் சோலிங்கன் என்ற ஊரும் கத்திக்குப் பேர்போனது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்த சில உற்பத்தியாளர்கள் ஷெஃபீல்ட் கத்திகளின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, அலகில் ஷெஃபீல்ட் பெயரையும் பொறித்து மலிவாக விற்றார்கள். சிலவற்றில் எஃகுக்குப் பதில் வார்ப்பிரும்பே இருந்தது. வாங்குபவருக்கு இது எப்படித் தெரியும்? வடிவம் ஒன்று, பளபளப்பு ஒன்று, பெயரும் ஒன்று. வீட்டுக்குப் போய் நாலு நாள் வெட்டிய பிறகுதான் முனை மழுங்கும், அலகு உடையும்.

இதற்காக 1887இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சரக்குக் குறியீட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. வெளிநாட்டில் செய்த பொருளில் ஆங்கிலேயப் பெயரோ குறியோ இருந்து வாங்குபவரைக் குழப்புமானால், அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதையும் பொறித்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். 'ஜெர்மனியில் செய்தது' என்ற முத்திரை இப்படித்தான் பிறந்தது. வாங்காதே என்று எச்சரிக்கத்தான் அதைக் கேட்டார்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்தக் காலத்து ஜெர்மன் சரக்கு மோசம் என்பதை ஜெர்மானியர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியா கண்காட்சிக்குப் போன பொறியியல் பேராசிரியர் ஃபிரான்ஸ் ராய்லோ, நம் பொருள்கள் மலிவாகவும் மட்டமாகவும் இருக்கின்றன என்று ஊருக்கு எழுதி அனுப்பினார். அதனால் அங்கே பெரிய சர்ச்சையே கிளம்பியது. அதன் பின் தரம் மெல்ல மெல்ல ஏறியது. சில பத்தாண்டுகளில் எச்சரிக்கை முத்திரையே நற்சான்றிதழ் ஆகிவிட்டது. 1938இல் சோலிங்கன் தன் பெயரைப் போலிகளிடமிருந்து காக்கத் தனிச் சட்டம் பெற்றது. ஒரு காலத்தில் அடுத்த ஊர்ப் பெயரைத் திருடியவர்களின் ஊர், பிறகு தன் பெயரைப் பூட்டி வைக்க வேண்டியதாயிற்று!

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வடிவத்தை ஒரே நாளில் நகல் எடுத்துவிடலாம். கட்டுமானத்தை அப்படி எடுக்க முடியாது. முத்திரை தேவைப்பட்டதே அதனால்தான்.

பெயரை இழந்த கிராமம்

பிரான்சின் தெற்கே மலைப்பகுதியில் ஒரு சின்ன ஊர். எழுத்தைப் பார்த்து லாகியோல் என்று வாசிக்கத் தோன்றும். உள்ளூர்க்காரர்கள் 'லயோல்' என்பார்கள். 1829இல் அங்கே பியேர் ஜான் கால்மல்ஸ் என்ற கொல்லர் செய்த மடக்குக் கத்தியே லயோல் கத்தியின் தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. மெலிந்த வளைந்த பிடி, நீண்டு கூர்ந்த அலகு, முதுகு ஸ்பிரிங்கின் தலையில் ஒரு தேனீ. அந்தத் தேனீ நெப்போலியன் கொடுத்த விருது என்று கடைக்காரர்கள் கதை சொல்வதுண்டு. நெப்போலியன் இறந்தது 1821இல். கத்தி வந்தது அதற்கு எட்டு வருடம் கழித்து. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அழகில் இந்தக் கத்திக்கு ஈடு குறைவு. ஆனால் இந்த வடிவம் செய்பவரிடம் நிறையக் கேட்கும். அலகை விரித்த நிலையிலும் மடித்த நிலையிலும் பிடித்து வைப்பது முதுகில் இருக்கும் ஸ்பிரிங் ஒன்றுதான். தனிப் பூட்டு கிடையாது. ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் அழுத்தும்போது அலகு விரல்மேல் மடங்கும். ரிவிட் துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டால் அலகு பக்கவாட்டில் ஆடும். பழைய பாணியில் செய்த பலவற்றில், படாரென்று மூடினால் அலகின் வெட்டுமுனை உள்ளே ஸ்பிரிங்கில் இடித்து மழுங்கும். ஆகவே மெதுவாகத்தான் மூட வேண்டும். ஒவ்வொரு கத்தியையும் ஒருவர் உட்கார்ந்து அரத்தால் தேய்த்துப் பொருத்தினால்தான் இது நல்ல கத்தி ஆகும்.

காலப்போக்கில் உற்பத்தி பெரும்பாலும் தியேர் என்ற பழைய கத்தி நகரத்துக்குப் போய்விட்டது. லயோலிலேயே மறுபடியும் செய்ய வேண்டும் என்று 1987இல் ஒரு பட்டறை திறந்தார்கள். கட்டடத்தை வடிவமைத்தவர் பிலிப் ஸ்டார்க். கூரையைத் துளைத்துக்கொண்டு 18 மீட்டர் உயர அலுமினிய அலகு ஒன்று நிற்கும். ஆனால் அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமாகப் பதிவாகியிருக்கவில்லை. 1993இல் ஊருக்குச் சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவர் அந்தப் பெயரைப் பல வகைப் பொருள்களுக்கு வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டார். ஆசியாவில் மலிவாகச் செய்த கத்திகள் அந்தப் பெயரோடு கடைகளுக்கு வந்தன. 1,300 பேர்கூட இல்லாத ஊர் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கியது. 2012இல் ஊர்க்காரர்கள் எதிர்ப்பாக ஊர் எல்லையில் இருந்த பெயர்ப் பலகையையே கழற்றினார்கள். பெயர் எங்களுடையது இல்லை என்றால் பலகை எதற்கு என்று கேட்பது போல! கடைசியில் 2019 மார்ச் மாதம் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

அந்த இருபத்தைந்து வருடங்களில் அந்தப் பெயரையும் தேனீயையும் பார்த்து வாங்கியவர்களில் எத்தனை பேர் கையில் ஆடும் அலகு போய்ச் சேர்ந்திருக்கும்? உள்ளூரில் உட்கார்ந்து அரம் தேய்த்தவரின் உழைப்பு அதே பெயரின் கீழ் எவ்வளவு மலிவாகிப் போயிருக்கும்? வாங்குபவரும் செய்பவரும் சேர்ந்தே தோற்ற கதை இது.

குறைவாகக் கேட்கும் வடிவம்

இதற்கு நேர் எதிரான கதையும் பிரான்சில்தான் நடந்தது. ஆல்ப்ஸ் மலைச்சரிவில் சாவோய் என்ற பகுதியில், 1890இல், ஜோசப் ஓப்பினெல் என்ற கொல்லர் வீட்டுப் பையன் ஒரு கத்தி செய்தான். அப்போது அவனுக்கு வயது 18. முதுகு ஸ்பிரிங் கிடையாது. உருண்டையான மரப்பிடி, அதில் ஒரு பிளவு, அலகு, ரிவிட், அதைச் சுற்றி ஓர் உலோக வளையம். அவ்வளவுதான்! 1897இல் 1 முதல் 12 வரை அளவு எண் போட்டு வரிசையாக விற்றார். 1955இல் மார்செல் ஓப்பினெல் அலகைப் பூட்டும் திருகு வளையம் ஒன்றைச் சேர்த்தார். பிறகும் பாகங்கள் மொத்தம் ஐந்துதான்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த வடிவம் பட்டறையிடம் குறைவாகவே கேட்கிறது. அரத்தால் தேய்த்துப் பொருத்த ஸ்பிரிங்கே இல்லை. மரத்தின் பிடிமானமே அலகைப் பிடித்துக்கொள்கிறது. இயந்திரத்தில் மலிவாகச் செய்தாலும் நன்றாக வருகிறது. குறை இல்லாமல் இல்லை. மரம் ஈரத்தில் ஊதினால் அலகு வெளியே வராமல் அடம் பிடிக்கும். அதற்கும் சாவோய்க்காரர்களிடம் வழி உண்டு. பிடியின் அடியைக் கெட்டியான இடத்தில் ஒரு தட்டுத் தட்டுவார்கள், அலகு எட்டிப் பார்க்கும். 1985இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் உலகின் சிறந்த 100 வடிவமைப்புகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. விவசாயி பையில் போட்டுக்கொண்ட மலிவான கத்திக்கு இந்த இடம்!

இரண்டும் சேர்ந்தால்

சுவிஸ் கத்தியைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. சுவிஸ் ராணுவம் 1889இல் புதுத் துப்பாக்கி ஒன்றை ஏற்றது. அதைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். ஆகவே சிப்பாய்க்கு அலகு, டப்பா திறப்பான், துளையூசி, ஸ்க்ரூ டிரைவர் நான்கும் உள்ள கத்தி தேவைப்பட்டது. முதலில் அதைச் செய்து கொடுத்தது நாம் மேலே பார்த்த அதே சோலிங்கன்தான். நம் ராணுவத்துக்கு நாமே செய்ய வேண்டும் என்று கார்ல் எல்செனர் 1891இல் களத்தில் இறங்கினார். சோலிங்கன் விலையோடு போட்டி போட முடியவில்லை. கூட்டாளிகள் விலகினார்கள், கடன் கழுத்தை நெரித்தது. சொந்தக்காரர்கள் கைகொடுத்துத்தான் தப்பித்தார்.

அவரைக் காப்பாற்றியது 1897இல் பதிவு செய்த புது வடிவம். பிடியின் இரண்டு பக்கமும் கருவிகளை வைத்து, இரண்டே ஸ்பிரிங்கில் ஆறு கருவிகளை நிற்கச் செய்தார். கத்தி எடை குறைந்தது, உபயோகம் கூடியது. ராணுவம் இதை அதிகாரிகளுக்குக் கொடுக்கவில்லை. அவர்களே சொந்தக் காசில் வாங்கினார்கள். ஒரு பொருளுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் என்ன வேண்டும்? ஆனால் ஒரு ஸ்பிரிங் பல கருவிகளைத் தாங்க வேண்டும் என்றால் அந்த ஸ்பிரிங் துல்லியமாக இருந்தாக வேண்டும். இங்கே வடிவமும் கட்டுமானமும் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிய முடியாது. பேட்டைக் கடையில் கிடைக்கும் சிவப்புப் பிடி நகலை விரித்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கருவிகள் எல்லாம் இருக்கும், ஒன்றும் நிற்காது.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

இந்த வரலாற்றைப் படித்த பிறகு, வடிவமா கட்டுமானமா என்ற கேள்வியையே கொஞ்சம் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வடிவம் கட்டுமானத்திடம் எவ்வளவு கேட்கிறது, நான் கொடுக்கும் விலையில் அந்த அளவு வேலை நடந்திருக்குமா என்றுதான் கேட்க வேண்டும்.

கையில் காசு குறைவா? பாகங்கள் குறைந்த எளிய வடிவத்தை வாங்குங்கள். மலிவு விலையில் எளிய கத்தி நல்லதாக இருக்க முடியும். ஆனால் மலிவு விலையில் சிக்கலான கத்தி நல்லதாக இருப்பது அபூர்வம். வளைந்து நெளிந்த அழகுக் கத்திதான் வேண்டும் என்றால் அதைப் பொருத்தியவருக்குரிய கூலியையும் சேர்த்துக் கொடுக்கத் தயாராக இருங்கள்.

கடையிலேயே சில சோதனைகள் செய்யலாம். அலகை விரித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள், ஆடக்கூடாது. மடித்தால் அலகு பிளவின் நடுவில் உட்கார வேண்டும். ஸ்பிரிங் உள்ள கத்தியானால் விரித்த நிலையில் ஸ்பிரிங்கும் பிடியின் முதுகும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். பூட்டு இருந்தால் விரல்கள் மடங்கும் வழியில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு அலகின் முதுகை அழுத்திப் பாருங்கள், பூட்டு விடக்கூடாது. எஃகைச் சரியாகக் கெட்டிப்படுத்தினார்களா என்பது மட்டும் எந்தச் சோதனையிலும் தெரியாது. அந்த ஒன்றுக்குத்தான் செய்தவரின் பெயரை நம்ப வேண்டியிருக்கிறது.

வடிவமைப்பின் குறை பெரும்பாலும் எரிச்சலோடு போய்விடும். கட்டுமானத்தின் குறை ஒருநாள் விரலைக் கேட்கும். இரண்டில் ஒன்றைத்தான் விட்டுக்கொடுக்க முடியும் என்றால் எதை விடலாம் என்பதற்கு இதுவே பதில்.