கட்டுத்துவக்கும் ஒலிம்பிக் துவக்கும்

2012 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு. கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகையின் செய்தி மேசையில் இலண்டன் ஒலிம்பிக் செய்திகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. விளையாட்டுப் பக்கத்தைக் கவனித்துவந்த இளைஞர் எழுந்துவந்து, "அண்ணை, அம்பது மீற்றர் றைபிள் புரோன் எண்டு கிடக்கு. புரோனைத் தமிழில என்னெண்டு போடுறது?" என்று கேட்டார்.

"குப்புறப் படுத்துச் சுடுதல் எண்டு போடும் தம்பி" என்றேன். யோசிக்க ஒரு கணமும் தேவைப்படவில்லை. தெல்லிப்பழையில் வளர்ந்த என் தலைமுறையினருக்கு அந்தச் சொல்லை அகராதியில் தேடவேண்டிய அவசியம் இருந்ததில்லை. "குப்புறப் படு" என்பதே எமது பதின்ம வயதில் நாம் அதிகம் கேட்ட கட்டளை. விமான இரைச்சல் கேட்டால் குப்புறப் படு. ஷெல் கூவினால் குப்புறப் படு. துவக்குப் பிடிப்பவனும் குப்புறப் படுப்பான் என்பதும், அதற்கு உலக அரங்கில் பதக்கம் உண்டு என்பதும் எனக்கு மிகவும் பிந்தித் தெரியவந்த செய்திகள்.

அன்றைய இறுதிப் போட்டியில் பெலாரஸ் நாட்டின் சேர்ஜி மார்த்தினோவ் 705.5 புள்ளிகளுடன் உலக சாதனை படைத்துத் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 44. தகுதிச் சுற்றில் அவர் பெற்றவை 600க்கு 600. கொல்கத்தாவைச் சேர்ந்த ஜோய்தீப் கர்மாகர் 699.1 புள்ளிகளுடன் நான்காம் இடத்துக்கு வந்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையில் 1.9 புள்ளிகளே இருந்தன. பத்திரிகை அச்சுக்குப் போனபின்னரும் அந்த 600 என்ற எண் என்னை விடவில்லை. ஒரு மனிதன் 50 மீற்றருக்கு அப்பாலுள்ள, 10.4 மில்லிமீற்றர் விட்டமுடைய வட்டத்தை அறுபது தடவையும் எப்படித் தவறாமல் தொடுகிறான்? அது உடம்பின் திறமையா, உடம்பைத் தாங்கும் உடுப்பின் திறமையா? அதைத் தேடப்போய்த்தான் இந்த விளையாட்டின் விதிகளையும் அவற்றின் வரலாற்றையும் வாசிக்கத் தொடங்கினேன்.

முதலில் ஒரு பழைய கதை. பிரித்தானியத் தேசிய றைபிள் சங்கம் தனது முதலாவது போட்டியை 1860 ஜூலை 2ஆம் திகதி விம்பிள்டனில் நடத்தியது. முதல் வேட்டைத் தீர்த்தவர் விக்டோரியா மகாராணி. பொறியியலாளர் ஜோசப் விற்வேர்த் தமது துவக்கை ஓர் இயந்திரத் தாங்கியில் இறுக்கி, 400 யார் தூரத்து இலக்குக்கு முன்கூட்டியே குறிவைத்துத் தந்திருந்தார். மகாராணி செய்ததெல்லாம் விசையில் கட்டியிருந்த பட்டுக்கயிற்றை இழுத்ததுதான். குண்டு மையத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் போய்ப் பதிந்தது. கூட்டம் ஆரவாரித்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு: கட்டுத்துவக்கு. வன்னிக் காடுகளில் பன்றிக்கும் மானுக்குமாகக் கட்டையில் கட்டிவைத்துக் கயிறு இழுத்துவிடும் துவக்கு. கட்டுத்துவக்குக்குக் கை நடுங்காது. மூச்சு வாங்காது. இதயம் துடிக்காது. ஆகவே அதற்கு எவரும் பரிசு கொடுப்பதுமில்லை. துப்பாக்கி சுடும் போட்டியின் நூற்றைம்பது ஆண்டுகால விதி வரலாறு முழுவதையும் ஒரு வரியில் சொல்வதானால், சுடுகின்ற மனிதன் கட்டுத்துவக்காக மாறிவிடாமல் தடுக்கும் முயற்சி எனலாம்.

ஆரம்பத்தில் எவரும் இதைப் பெரிதாக எண்ணவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நெடுந்தூரப் போட்டிகளில் விரும்பியபடி கிடந்து சுடலாம். 1874இல் நியூயோர்க்கை அடுத்த கிறீட்மூர் மைதானத்தில் அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதியபோது, மல்லாந்து படுத்துக் கால்களின்மேல் துவக்கைச் சாய்த்துச் சுட்டவர்களும் இருந்தார்கள். அனைத்துலகச் சம்மேளனம் 1907இல் சூரிச் நகரில் உருவானது. 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் 50 மீற்றர் தூரத்தில் படுத்துச் சுடும் போட்டி இடம்பெற்றது.

படுத்துச் சுடுபவருக்கு விதி அனுமதிக்கும் மிகப்பெரிய உதவி ஸ்லிங் எனப்படும் வார்ப்பட்டி. போர்வீரன் துவக்கைத் தோளில் கொழுவிச் செல்வதற்கு இருந்த அதே வார்தான். அதன் ஒரு முனையை இடது மேற்கையில் இறுக்கி, மறுமுனையைத் துவக்கின் முன்பகுதியில் கொழுவினால், மேற்கையும் முன்னங்கையும் வாரும் சேர்ந்து ஒரு முக்கோணமாகின்றன. பாரத்தைத் தசை சுமப்பதில்லை, எலும்பும் வாரும் சுமக்கின்றன. தசை களைத்தால் நடுங்கும், எலும்பு நடுங்காது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. மேற்கையை இறுக்கிய வார் அங்குள்ள நாடித் துடிப்பையும் துவக்குக்குக் கடத்திவிடும். அதனாலேயே வீரர்கள் தடித்த மேலங்கியை அணிந்து அதன்மேல் வாரைக் கட்டுகிறார்கள். மேலங்கி தடிக்கத் தடிக்கத் துடிப்பு அடங்கும். விறைக்க விறைக்க உடம்பு அசையாது. வில்லங்கம் இங்கேதான் தொடங்கியது.

புள்ளிகளைப் பாருங்கள். 1936 பேர்லினில் நோர்வேயின் வில்லி ரோகபேர்க் 300க்கு 300 பெற்றார். 1952 ஹெல்சிங்கியில் இருவர் 400க்கு 400 பெற்றனர். மையத்தின் உள்வட்டத்தை அதிக தடவை தொட்ட ருமேனியாவின் யோசிப் சிர்புவுக்குத் தங்கம் கிடைத்தது. 1956 மெல்பேர்ணில் கனடாவின் ஜெரால்ட் வெலெட் 600க்கு 600 பெற்றார். பின்னர் அளந்து பார்த்தபோது மைதானம் 50 மீற்றருக்கு ஒன்றரை மீற்றர் குறைவாக இருந்தது தெரியவந்தது. தங்கம் அவரிடமே இருந்தது, உலக சாதனை மட்டும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அவர் சுட்டது சக வீரர் கில்மர் போவா இரவல் கொடுத்த துவக்கால் என்பது இன்னொரு சுவையான தகவல். போவா அதே துவக்கால் சுட்டு வெண்கலம் வென்றார்.

எல்லோரும் உச்சப் புள்ளியை நெருங்கிவிட்ட விளையாட்டில், வெற்றியைத் தீர்மானிப்பது மயிரிழை வேறுபாடு. அந்த மயிரிழையைத் துணியிலிருந்தும் தோலிலிருந்தும் பெற முயல்வது மனித இயல்பு. நீச்சலில் இதேபோன்று உடலை மிதக்கவைக்கும் உடுப்புகளால் சாதனைகள் சரிந்து விழுந்ததையும், 2010 ஜனவரியிலிருந்து அவை தடைசெய்யப்பட்டதையும் வாசகர்கள் அறிவீர்கள். றைபிள் விளையாட்டின் பதில் இரு வகையாக வந்தது. ஒன்று, இலக்கையும் புள்ளிமுறையையும் கடினமாக்குவது. 2013இலிருந்து படுத்துச் சுடும் போட்டியில் ஒவ்வொரு சூடும் 10.9 வரை தசமத்தில் கணக்கிடப்படுகிறது. மற்றையது, உடம்புக்கு வெளியேயுள்ள அனைத்தையும் அளப்பது.

அந்த அளவுகளை வாசிக்கையில் ஒரு தையற்காரரின் குறிப்பேட்டை வாசிப்பது போலிருக்கும். மேலங்கியின் தடிப்பு ஒற்றையாக 2.5 மில்லிமீற்றர், இரட்டையாக 5 மில்லிமீற்றரை விஞ்சலாகாது. துணியின் விறைப்பை அறிய, 60 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளையின் வாயில் துணியை விரித்து ஒரு கிலோகிராம் பாரத்தை வைப்பார்கள். துணி ஆகக்குறைந்தது 3 மில்லிமீற்றர் தாழவேண்டும். தாழாவிட்டால் அந்த உடுப்புடன் போட்டியிட முடியாது. கையுறையின் தடிப்பு 12 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. வாரின் அகலம் 40 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது. துவக்கை இரு கைகளும் ஒரு தோளும் மட்டுமே தாங்கலாம். தாங்கும் முன்னங்கை நிலத்துடன் அமைக்கும் கோணம் 30 பாகைக்குக் குறையக்கூடாது. கையை முற்றாக நிலத்தில் கிடத்திவிட்டால் நிலமே தாங்கியாகிவிடும் அல்லவா?

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொது விதி இருக்கிறது. கால், உடல், கை ஆகியவற்றின் அசைவை முடக்கும் அல்லது அளவுக்கு மீறிக் குறைக்கும் எந்தச் சாதனமும் உடையும் கூடாது. தசையில் ஒட்டும் மருத்துவ நாடாவும் இதில் அடங்கும். முப்பது ஆண்டுகள் செய்தி மேசையில் குனிந்திருந்த புண்ணியத்தால் இதை எழுதும்போதும் நான் இடுப்பில் ஒரு பட்டி கட்டியிருக்கிறேன். வைத்தியர் கட்டச் சொன்ன அந்தப் பட்டியோடு போனால் என்னை மைதானத்தில் இறங்க விடமாட்டார்கள். தமிழ் வாசகர்கள் நன்கறிந்த, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீற்றர் போட்டியில் சுடுவது நின்ற நிலையில். அங்கே வாரும் கிடையாது. ஆனால் மேலங்கி பற்றிய இந்த அளவுகள் அவருக்கும் பொருந்துகின்றன.

இவ்வளவும் வாசித்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. தாங்குதல் இல்லாமல் நிற்கவோ கிடக்கவோ முடியாத உடம்பு என்ன செய்யும்? அந்த உடம்புக்கு இந்த விளையாட்டில் இடமில்லையா?

இதற்கு இரண்டு விடைகள் கிடைத்தன. முதலாவது கனடாவிலிருந்து. ஜோர்ஜ் பாகர்சன் என்ற முதிய வீரருக்கு வயது ஏற ஏற, வாரை இறுக்கிப் படுப்பது கடினமாயிற்று. கண் பார்வையும் மங்கிற்று. அவர் விதியை ஏய்க்க முயலவில்லை. தம்மைப் போன்றோருக்காக இருகால் தாங்கியும் தொலைநோக்கியும் வெளிப்படையாக அனுமதிக்கப்படும் ஒரு தனிப் பிரிவைக் கேட்டு உருவாக்கினார். அவருடைய பெயரின் முதலெழுத்தால் அது 'எப் பிரிவு' என்றழைக்கப்படுகிறது. இன்று பல நாடுகளில் இளையவர்களும் அதில் போட்டியிடுகிறார்கள்.

இரண்டாவது விடை பராலிம்பிக்கிலிருந்து. 1976 ரொறன்ரோ போட்டிகளில் துப்பாக்கி சுடுதல் அங்கே நுழைந்தது. துவக்கின் பாரத்தைத் தாமே தாங்கக்கூடியவர்கள் ஒரு பிரிவு. தாங்க முடியாதவர்கள் மற்றொரு பிரிவு. இரண்டாம் பிரிவினருக்கு ஒரு தாங்கி உண்டு. ஆனால் அது சுருள்வில் பொருத்திய, ஆடுகின்ற தாங்கி. துவக்கின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். அசையாமல் வைத்திருக்கும் வேலை வீரருடையது. சக்கர நாற்காலியின் முதுகுச் சாய்வு எவ்வளவு உயரலாம் என்பதும், அந்த வீரரின் உடற்பகுதி எவ்வளவு இயங்கும் என்பதைப் பரிசோதித்தே தீர்மானிக்கப்படுகிறது. இயங்கும் தசைக்குச் சாய்வு இல்லை. இயங்காத தசைக்கு உண்டு. 2012இல் வீதி விபத்தில் நடக்கும் வலுவை இழந்த ஜெய்ப்பூர் பெண் அவனி லேகரா இந்த விதிகளின் கீழ்த்தான் டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம் வென்றார்.

என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது இன்னொரு விதி. பராலிம்பிக்கில் 'படுத்துச் சுடும்' போட்டியில் சக்கர நாற்காலி வீரர்கள் படுப்பதில்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே இரு முழங்கைகளையும் மேசையில் ஊன்றிச் சுடுகிறார்கள். விதியின் பார்வையில் அவர்கள் குப்புறப் படுத்திருக்கிறார்கள். 2016 ரியோ போட்டிகளுக்குப் பின்னர், ஆண் பெண் சமநிலைக்காகக் கலப்பு அணிப் போட்டிகளுக்கு இடம்விட, ஒலிம்பிக்கில் படுத்துச் சுடும் தனிப் போட்டி நீக்கப்பட்டது. அங்கே அது மூன்று நிலைப் போட்டியின் ஒரு பகுதியாக மட்டும் எஞ்சியிருக்கிறது. தனிப் போட்டியாக அது பராலிம்பிக்கில் தொடர்ந்தது. 2024 பாரிஸிலும் நடைபெற்றது.

அதை வாசித்தபோது அப்பாச்சியின் நினைவு வந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பலாலிப் பக்கமிருந்து ஷெல்கள் வரத்தொடங்கியதும் வீட்டில் எல்லோரும் நிலத்தில் விழுவோம். அப்பாச்சியால் விழ முடியாது. முழங்கால் வாதம். குனிந்தால் நிமிர முடியாது. அடுப்படிச் சுவரோடு முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் மடியில் ஊன்றி, அசையாமல் இருப்பா. "குப்புறப் படணை அப்பாச்சி" என்று நான் கத்துவேன். "நான் இருந்துகொண்டே படுத்திருக்கிறன், நீ தலையைப் பதி" என்பா. அடுத்த சில நாட்களில் நாங்கள் ஊரைவிட்டு வெளியேறினோம். அப்பாச்சி திரும்பி வரவில்லை. எங்கள் வளவு உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு, நீண்டகாலத்தின் பின்னரே எங்களிடம் வந்தது. போய்ப் பார்த்தபோது அந்த அடுப்படிச் சுவர் இருக்கவில்லை.

எமது மண்ணில் துவக்கு எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாத பொருளாகவே இருந்தது. கை கால் இழந்து, செயற்கைக் காலுக்காகக் காத்திருந்தவர்களை யாழ்ப்பாணத்தில் நிறையக் கண்டவன் நான். அதனால்தானோ என்னவோ, ஒரு துணி மூன்று மில்லிமீற்றர் தாழ்கிறதா என்று ஒருவர் குனிந்து அளப்பதும், ஒருவரின் முதுகுக்கு எவ்வளவு சாய்வு நியாயம் என்று ஒரு குழு கூடி யோசிப்பதும் எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுவதில்லை. வலுவுள்ளவனுக்கு மிகையான தாங்குதல் கிடைக்கக்கூடாது. வலுவிழந்தவனுக்குத் தேவையானது மறுக்கப்படவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுதிவைக்க அந்த விளையாட்டுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்திருக்கிறது.

அன்றிரவு அந்தத் தம்பி நான் சொன்னபடியே தலைப்பிட்டிருந்தார். "குப்புறப் படுத்துச் சுட்டு உலக சாதனை." காலையில் ஒரு மூத்த வாசகர் தொலைபேசியில் அழைத்து, "இதென்ன தலைப்பு, வயித்துக்குள்ள ஏதோ செய்யுது" என்றார். எந்த ஊர் ஐயா என்று கேட்டேன். மாவிட்டபுரம் என்றார். மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை.