கடைமடையில் காயத்துக்கு மருந்து

ஓர் ஊரின் தொழில் என்ன என்று தெரிய வேண்டுமானால், அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறைக்குள் அரை நாள் உட்கார்ந்தால் போதும். பேராவூரணி வட்டாரத்தில் நான் செவிலியராக இருந்த காலமெல்லாம் என் முன்னால் நீண்ட கைகால்கள் இந்த மண்ணின் வேலையைச் சொல்லிக்கொண்டே இருந்தன. அறுப்புக் காலத்தில் கருக்கரிவாள் இழுத்த இடதுகை விரல்கள். தேங்காய் உரிக்கும் கடப்பாரையில் கிழிந்த உள்ளங்கைகள். மரத்திலிருந்து சறுக்கி, நெஞ்சும் தொடையும் உரிந்துபோன மரமேறிகள். நெல் அவிக்கும் அண்டாவில் கொதிநீர் சாய்ந்து வெந்த பாதங்கள். மல்லிப்பட்டினம் பக்கத்திலிருந்து திருக்கை முள் குத்திய வீக்கத்தோடு வரும் மீனவர்கள்.

1934-இல் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்த பிறகுதான் எங்கள் பக்கம் ஆற்றுப் பாசனம் நிலைத்தது. நாங்கள் கடைமடை. தண்ணீர் எங்களுக்குக் கடைசியில் வந்தது போலவே மருத்துவமும் கடைசியில்தான் வந்தது. அதுவரை காயத்தை யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வெட்டுக்காயத்துக்கு வரப்பே மருந்துக்கடை. சிறுபிள்ளைகள் தலையைக் கிள்ளி விளையாடும் தாத்தாப்பூச் செடியைத்தான் பெரியவர்கள் வெட்டுக்காயப் பூண்டு என்பார்கள். இலையை உள்ளங்கையில் கசக்கிச் சாற்றைப் பிழிந்தால் சிறு காயத்தில் ரத்தம் நிற்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் வரப்பில் வேர்விட்ட செடி அது. வந்த செடியின் குணத்தைக் கண்டுபிடித்தவர்கள் வயலில் நின்றவர்கள். ஆறாத புண்ணுக்குச் சித்த வைத்தியர்கள் மத்தன் தைலம் போட்டார்கள். ஊமத்தை இலைச் சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சிய பச்சை நிற எண்ணெய் அது. சுளுக்குக்கு மூசாம்பரப் பற்று. கால் முன்னே வரப் பிறந்தவர்களைக் கூட்டி வந்து நீவிவிடச் சொல்வதும் உண்டு. பற்றுப் போட்டு அசையாமல் கட்டி வைத்ததில் நல்ல அறிவு இருந்தது. ஆனால் வீங்கிய மூட்டை அன்றே அழுத்தி நீவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடி வீக்கம் ஏறத்தான் செய்யும்.

தீக்காயத்துக்கு எங்கள் அப்பாயி செய்த மருந்தை இன்றும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. நீற்றிய சுண்ணாம்பைச் சட்டித் தண்ணீரில் கரைத்து இரவெல்லாம் அசையாமல் வைப்பார். காலையில் மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் கலங்காமல் இறுத்தெடுப்பார். அதே அளவு தேங்காய் எண்ணெய் விட்டு விடாமல் அடித்தால் இரண்டும் கூடி வெள்ளை வெளேரென்று வெண்ணெய் போலத் திரண்டு வரும். அதைக் கோழி இறகால் தொட்டு, தோலில் கை படாமல் தடவுவார். இதே மருந்தை வேறு எண்ணெயில் செய்தவர்கள் ஸ்காட்லாந்தில் இருந்தார்கள். கரோன் என்ற இரும்பாலையில் வெந்துபோன தொழிலாளர்களுக்குச் சுண்ணாம்புத் தெளிநீரையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்து பூசினார்கள். கரோன் எண்ணெய் என்ற பெயரில் அது ஆங்கில மருத்துவ நூல்களிலும் இடம்பிடித்தது. நம் பாட்டிமார் அறியாமையில் செய்தார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்தக் காலத்தில் உலகத்துக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இந்த அறிவை ஏட்டில் ஏற்றிய பெருமை தஞ்சைக்கு உண்டு. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் அமைத்து, நாட்டு வைத்தியத்தையும் ஐரோப்பிய வைத்தியத்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். கண் நோயாளிகளின் படத்தை வரைந்து, கொடுத்த சிகிச்சையைக் குறித்து வைத்த ஏடுகள் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. தன்வந்திரி மகாலில் தொகுத்த முறைகள்தான் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் பின்னாளில் நூல்களாக வந்தன. எங்கள் கடற்கரையில் நிற்கும் மனோராவைக் கட்டியவர் என்றே இங்கே பலருக்கு அவரைத் தெரியும். நோயாளியைப் பற்றி எழுதி வைக்கும் வழக்கத்தை இந்த மண்ணில் வளர்த்தவர் என்பதற்காக நான் அவரைக் கும்பிடுகிறேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய காலத்தில் ஆளைக் கொன்றது பெரும்பாலும் காயம் அல்ல, காயத்துக்குப் பின்னால் வந்தது. ரத்தம் நிற்கச் சாணியை அப்பினார்கள், அடுப்புக் கரியையும் சாம்பலையும் வைத்து அமுக்கினார்கள். மண்ணிலும் சாணியிலும் இருக்கும் கிருமி உள்ளே போய்த் தனுர்வாதம் வந்தது. வாய் பூட்டிக்கொள்ளும், முதுகு வளையும், வெளிச்சமும் சத்தமும் பட்டாலே உடம்பு வெட்டி இழுக்கும். அதனால் அந்த நோயாளிகளை இருட்டறையில் வைத்து, நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்போம். 1920-களில் பிரான்சில் ரமோன் என்ற அறிஞர் உருவாக்கிய தடுப்பு மருந்துதான் நம் ஊரில் டி.டி. ஊசியாக வந்து சேர்ந்தது. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்துப் போட்ட காலத்தில் மக்கள் அந்த ஊசிக்குப் பயந்தார்கள். பிறகு, ஆணி குத்தினால் தாமாகவே வந்து கையை நீட்டினார்கள். இந்த வட்டாரத்தில் நான் கண்ட மாற்றங்களிலேயே பெரியது இதுதான்.

தீக்காயத்தில் அந்த மாற்றம் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. ஆறும் குளமும் நிறைந்த ஊரில் வெந்த இடத்தில் தண்ணீர் ஊற்ற மட்டும் பயந்தார்கள்.

“ஏன் ஆத்தா, உடனே தண்ணி ஊத்துனீங்களா?”

“அய்யய்யோ நர்சம்மா, தண்ணி பட்டா கொப்புளிச்சுடுமே!”

எத்தனை தாய்மார்கள் இதையே சொல்லியிருக்கிறார்கள்! பிள்ளையின் கையில் இட்லி மாவு காய்ந்து ஒட்டியிருக்கும். சில பிள்ளைகளுக்குப் பேனா மை, சிலருக்குப் பற்பசை. அதை ஊறவைத்து எடுப்பதற்குள் பிள்ளை துடித்துப்போகும். மேலைநாட்டு மருத்துவமும் இதில் தடுமாறியதுதான். 1942-இல் பாஸ்டன் நகரில் கோகனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் இறந்தபோதுதான், காயத்தின் மேல் சாயமும் டானிக் அமிலமும் பூசுவதைவிட, ரத்த நாளத்தின் வழியே நீர்ச்சத்து ஏற்றுவது முக்கியம் என்பது உறுதியானது. உடம்பில் எத்தனை பங்கு வெந்தது என்பதை ஒன்பது ஒன்பதாகக் கணக்கிடும் முறையை வாலஸ் என்ற மருத்துவர் 1951-இல் எழுதினார். அந்தக் கணக்கை வைத்துத்தான் நாங்களும் டிரிப் ஏற்றினோம். வெந்த முதுகு துணியில் ஒட்டாமல் இருக்க வாழையிலையில் கிடத்தும் நம் வழக்கத்தைப் பிற்காலத்தில் மருத்துவர்கள் ஆராய்ந்து, நல்ல கட்டுத்துணிக்கு ஈடானது என்றே எழுதினார்கள்.

பம்ப் ஸ்டவ்வும் நைலான் சேலையும் சேர்ந்து வந்த காலம் என் மனதை விட்டுப் போகவில்லை. இரவில் போர்வையில் சுற்றி இளம் பெண்களைக் கொண்டுவருவார்கள். “ஸ்டவ் வெடிச்சிடுச்சு” என்று பெண் வாய் திறப்பதற்கு முன்பே மற்றவர்கள் சொல்வார்கள். மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் எழுதுவார். பெண்ணும் பெரும்பாலும் அதையேதான் சொல்வாள், வாசலில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே. வரதட்சணைச் சாவுக்கென்று 1986-இல் தனிச் சட்டப்பிரிவு வந்தது. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த எரிவாயு அடுப்பு குடிசைகளுக்குள் வந்தது. அடுப்பு மாறியதில் பல பெண்கள் பிழைத்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தஞ்சை மாவட்டத்தையே உலுக்கிய இரண்டு தீ விபத்துகளும் கீற்றில் பற்றியவை. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு விழாவில் யாகசாலைப் பந்தல் எரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையற்கூடத்துத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றினார்கள். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். அதற்கு முன் இங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு வாடகைக் கார் பிடித்துத்தான் போக வேண்டும். காருக்குப் பணம் புரட்டுவதற்குள் பொன்னான நேரம் போய்விடும். இப்போது சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டமும் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது.

ஆனால் எல்லா நேரத்திலும் வண்டி வந்துவிடாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது தென்னைகள் சாலை முழுக்க விழுந்து கிடந்தன. கூரை ஓடு கிழித்தவர்களுக்கும், மரம் அறுக்கும்போது தொடையில் வெட்டு வாங்கியவர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களே துணை. சுத்தமான வேட்டியைக் கிழித்துக் காயத்தின் மேல் வைத்து, விடாமல் அழுத்திப் பிடிக்கத் தெரிந்தவர் இருந்த வீடு தப்பியது.

ஆகவே இந்த வட்டாரத்து மக்களுக்கு என் வேண்டுகோள். வெந்தால் மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மாவும் மையும் பற்பசையும் வேண்டாம். ஐஸ்கட்டியும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடுங்கள். வெட்டுக்காயமானால் அழுத்திப் பிடியுங்கள், சாணி வைக்காதீர்கள், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சுளுக்கை இரண்டு நாள் நீவாதீர்கள். முகத்திலோ மார்பிலோ பெரிய தீக்காயம் என்றால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். பள்ளிக்கூடங்களிலும் கொப்பரைக் களங்களிலும் நெல் அரைவை ஆலைகளிலும் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் சொல்லிக்கொடுக்க ஊராட்சிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் மருத்துவர் எப்போதும் பக்கத்தில் நிற்பவர்தான்.