லீவுக்கு திருநின்றவூர் போறீங்களா? டென்னிஸ் கோர்ட் தேடுவது எப்படி?

கோடை விடுமுறைக்கு தாத்தா-பாட்டி வீட்டுக்கு வரும் பிள்ளைகளில் டென்னிஸ் பயிற்சியில் இருப்பவர்களும் உண்டு. ஒரு மாதம் ராக்கெட்டைத் தொடாவிட்டால் டச் விட்டுப்போகும். திருநின்றவூரில் இறங்கியதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "பக்கத்துல கோர்ட் எங்க இருக்கு?"

ஏன் கிடைப்பதில்லை?

காரணம் இடம்தான். சுற்றிலும் ஓடி ஆடும் இடத்தையும் சேர்த்து ஒரு டென்னிஸ் கோர்ட்டுக்கு 120 அடி நீளம், 60 அடி அகலம் வேண்டும். அதாவது 7,200 சதுர அடி; சென்னைக் கணக்கில் சரியாக 3 கிரவுண்டு. ஷட்டில் கோர்ட்டின் கோட்டுக்குள் இருக்கும் இடம் 880 சதுர அடிதான். மனை விற்பனை சூடாக நடக்கும் புறநகரில், நான்கு பேர் ஆட 3 கிரவுண்டை யாரும் எளிதில் ஒதுக்க மாட்டார்கள். அதனால்தான் ஷட்டில் கோர்ட்டும் டர்ஃபும் பெருகிய அளவுக்கு டென்னிஸ் கோர்ட் பெருகவில்லை.

அப்போ எங்கே தேடுவது?

மனையாக விற்க முடியாத இடங்களில் தேடுங்கள்.

* கல்லூரி, பள்ளி வளாகங்கள்: கோர்ட் இருந்தால் விடுமுறையில் காலியாக இருக்கலாம். உடற்கல்வி ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.
* ஆவடி குடியிருப்புகள்: கனரக வாகனத் தொழிற்சாலை, சிஆர்பிஎஃப், விமானப்படை வளாகங்களுக்குள் வெளியாட்கள் நேராகப் போக முடியாது. அங்கு பணியில் உள்ள உறவினர் இருந்தால், விருந்தினராக ஆட முடியுமா என்று விசாரிக்கலாம்.
* பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள்: இங்கும் குடியிருப்பவர் அழைத்துச் சென்றால்தான் வழி.
* தனியார் அகாடமிகள்: மேப்பில் திருநின்றவூரை மட்டும் பார்க்காமல் ரயில் பாதையைப் பிடித்து ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று தேடுங்கள். பிளேயோ போன்ற செயலிகளில் 'டென்னிஸ்' என்று தேர்வு செய்யாவிட்டால் ஷட்டிலும் டர்ஃபும்தான் வரிசையாக வரும்.

நுங்கம்பாக்கம் போகலாமா?

1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட டென்னிஸ் ஸ்டேடியம் அங்கே இருக்கிறது. 1997 முதல் 2017 வரை சென்னை ஓபன் நடந்ததும் இங்கேதான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. போட்டி நாட்களில் பொதுமக்கள் ஆட முடியாது. எனவே ஆணையத்தில் நேரம், கட்டணம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மின்சார ரயிலில் சென்ட்ரல் (மூர் மார்க்கெட்) சென்று, எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் ரயில் ஏறினால் எழும்பூர், சேத்துப்பட்டு தாண்டி மூன்றாவது நிறுத்தம் நுங்கம்பாக்கம். போய்வர அரை நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறைக்குத்தான் சரிப்படும்.

போனில் என்ன கேட்கணும்?

* மாதச் சந்தா இல்லாமல் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்குமா?
* பயிற்சி வகுப்பு இல்லாத நேரம் எது? காலையும் மாலையும் பெரும்பாலும் வகுப்பு நடக்கும்.
* இரவில் லைட்டுக்குத் தனிக் கட்டணமா?
* தரை சிமென்ட்டா, மண்ணா? அதற்கேற்ற ஷூ வேண்டும்.

அக்னி நட்சத்திர நாட்களில் காலை 11 முதல் மாலை 4 மணி வரை பிள்ளைகளை ஆட விட வேண்டாம்.

கோர்ட்டே கிடைக்கலையா?

10 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதுவும் டென்னிஸ்தான்: சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு அங்கீகரித்த சிவப்புப் பந்து, வழக்கமான பந்தைவிட 75 சதவீதம் வேகம் குறைந்தது. அதற்கான சின்ன கோர்ட் சுமார் 36 அடி நீளம்தான். 44 அடி ஷட்டில் கோர்ட்டுக்குள் அடங்கிவிடும். வலையை 80 செ.மீ. உயரத்துக்கு இறக்கிக் கட்டினால் போதும்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு உறுதியான சுவர் போதும். தினமும் 20 நிமிடம் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் அடித்தால், ஊர் திரும்பும்போது டச் கையிலேயே இருக்கும்.