மகவின் காப்புரிமையும் தந்தைமையும்

மகவைத் தன்பால் வைத்துக் காக்கும் உரிமை வேறு. அம்மகவின் தந்தை இன்னார் என நிறுவுதல் வேறு. ஆயினும், மணமாகாத தாயொருத்தி நீதிமன்றத்தை அணுகுங்கால் இவ்விரண்டும் ஒன்றாகவே பிணைத்து நோக்கப்பெற்றன. அப்பிணிப்பு நெகிழ்ந்த வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஒருவன் மறுக்கும் உறவைச் சான்றால் நிறுவும் வழக்கு தமிழகத்தில் தொன்மையானது. ஒருத்தியின் நலனுண்டு, பின் அத்தொடர்பை மறுத்துப் பொய்ச்சூள் உரைத்தவனைக் கள்ளூர் அவையத்தார் சான்று கேட்டுத் தெளிந்து ஒறுத்தமையை அகநானூற்று 256-ஆம் பாட்டுக் குறிக்கின்றது. ஆண்டு மகவைப் பற்றிய பேச்சு இல்லை; எனினும், உண்மையை வெளிப்படுத்தலே பெண்ணுக்குக் காவலாயிற்று என்பது தெளிவு.

இக்காலச் சட்டத்திலும் அக்காவல் உண்டு. மணவாழ்க்கைக்குப் புறம்பே பிறந்த மகவுக்கும் தந்தை பிழைப்பூதியம் அளித்தல் வேண்டுமென 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. 1973, 2023 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும் அதனைப் போற்றின. அவ்வூதியத்தை வேண்டுவோள் தந்தைமையை நிறுவியே ஆகவேண்டும். எனினும், 1993-இல் உச்சநீதிமன்றம் குருதிச் சோதனையை வழக்கம்போல் ஆணையிடுதல் தகாது என்றது. மகவின்மேற் பழி படியாமை கருதியே அது கூறப்பட்டது.

காப்புரிமையின் நெறி இதனின் வேறு. 1956-ஆம் ஆண்டு இந்துச் சிறார் காப்பாளர் சட்டம், மணவாதார்க்குப் பிறந்த மகவுக்குத் தாயையே முதற் காப்பாளராக்கியது. தந்தை அவட்குப் பின்னரே. அங்ஙனமாயின் தாய் நீதிமன்ற ஆணையை நாடுவது எற்றுக்கு?

கிறித்தவ நெறியினளாகிய தாயொருத்தியின் வழக்கு இதற்கு விடையாகும். அச்சட்டத்தின் துணை அவட்கு இல்லை. தன் சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் மகனை உரியவனாகக் குறிக்க அவள் முயன்றபோது, தந்தையின் பெயரைக் கூறுமாறோ காப்பாளர் ஆணையைக் கொணருமாறோ பணிக்கப்பட்டாள். ஆணையை வேண்டினாள், 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி தந்தைக்கு அறிவிப்பு அனுப்புதல் வேண்டுமென்றனர். பெயரை வெளியிட அவள் இசைந்திலள். விசாரணை நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் வழக்கைத் தள்ளின. 2015-இல் உச்சநீதிமன்றம், தந்தையின் பெயரைக் கூறாமலும் அவனுக்கு அறிவிக்காமலும் அவள் வேண்டுகோளை ஆராய்தல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

கள்ளூரில் வெளிப்படுத்தல் காவலாயிற்று. இவ்வழக்கிலோ வெளிப்படுத்தாமையே காவலாயிற்று. ஆகலின், ஊதியம் வேண்டுங்கால் தந்தைமையை நிறுவுதல் கடமை. காப்புரிமை வேண்டுங்கால் அதனையே விலையாகக் கேட்டல் முறையன்று. மகவின் நலனே இரண்டிற்கும் அளவுகோல் என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும்.